அமிர்தியில் ஐந்தரைப் படம்

'சமீபத்தில் என்ன படம் பார்த்தீங்க?' என்று ஆபீஸில் யாராவது கேட்டால் ஜாக்கிரதையாக இருங்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஸீட்காரர் தான் பார்த்த படத்தின் க்ளைமாக்ஸைச் சொல்லி முடித்திருப்பார். 'மௌன ராக'த்தோடு சினிமா பார்ப்பதை நிறுத்திவிட்ட ஹெட் கிளார்க், "இப்பல்லாம் எங்க சார் படம் எடுக்கறாங்க?" என்று பெருமூச்சு விடுவார். கேன்டீன் டீ ஆறிப்போகும்.

எனக்கு ஆபீஸ் இல்லை. எழுதிப் பிழைக்கிறேன். படித்தது பி.காம். என்பதால் மார்ச் மாதத்தில் மட்டும் நண்பர்கள் என்மேல் திடீர்ப் பாசம் காட்டி, ஷூ டப்பா நிறைய ரசீது கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்தத் தடவை அதிலிருந்து தப்பிக்க நாலு நாள் அமிர்திக்கு ஓடிவிட்டேன். அங்கே தாய்மாமா வீடு இருக்கிறது.

அமிர்தி தெரியாதவர்களுக்கு: வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967-ல் ஆரம்பித்த சின்ன மிருகக்காட்சிச் சாலை ஒன்று உண்டு. மான், மயில், முதலை பார்க்கலாம். மழை பெய்தால் அருவி கொட்டும். பெய்யாவிட்டால் பாறையைப் பார்த்து, 'இங்கேதான் அருவி கொட்டும்' என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, புளியோதரை சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். மாமா வீட்டுப் பக்கம் செல்போன் சிக்னல் மாப்பிள்ளை மாதிரி. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முன்யோசனையாக ஆறு படங்களை இறக்கிப் போனிலேயே வைத்துக்கொண்டு போயிருந்தேன். தினமும் சாயங்காலம் திண்ணையில் போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து ஷோ ஆரம்பம். பார்வையாளர்கள்: நான், மாமா, மாமாவின் பேரன், மலைமேலிருந்து இறங்கிவந்து மாமாவின் புளியந்தோப்பில் காவல் இருக்கும் ஒரு பெரியவர். டிக்கெட் கிடையாது. இடைவேளையில் வேர்க்கடலை.

ஆறு படத்தையும் ஒரு பொது விஷயம் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். எல்லாமே மலையில் நடக்கும் படங்கள். மலையில் உட்கார்ந்து மலைப்படம் பார்ப்பது ஒரு தனி ருசி.

முதல் நாள் 'மலைக்கள்ளன்' (1954). மாமாவின் விருப்பம். நாமக்கல் கவிஞரின் கதை, மு.கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர்.-பானுமதி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். இதையே அதே ஸ்ரீராமுலு நாயுடு அடுத்த வருஷம் திலீப்குமாரை வைத்து 'ஆஸாத்' என்று ஹிந்தியில் எடுத்தார். எம்.ஜி.ஆர். அப்துல் ரஹீம் என்ற வியாபாரியாக வரும்போது ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஏழு வயசுப் பேரனுக்கு மட்டும் இரண்டாவது நிமிஷமே தெரிந்துவிட்டது.

கணக்குப் படித்தவன் பார்வையில் மலைக்கள்ளன் ரொம்ப நல்ல மனிதர். இருப்பவனிடம் எடுப்பார், இல்லாதவனுக்குக் கொடுப்பார். ரொக்கப் புத்தகம் அன்றன்றைக்கு டேலி. வருஷக் கடைசிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் தூங்கும்போது நான் மட்டும் பார்த்தது 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே' (1948). ஹம்ஃப்ரி போகார்ட் உள்பட மூன்று பேர் மெக்ஸிகோ மலைக்குத் தங்கம் தேடிப் போகிறார்கள். டைரக்டர் ஜான் ஹூஸ்டன். படத்தில் வரும் கிழவர் அவருடைய அப்பா வால்டர் ஹூஸ்டன். ஒரே படத்துக்கு அப்பாவும் பிள்ளையும் ஆஸ்கார் வாங்கினார்கள். நம் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு ரேஷன் கார்டு வாங்கப் போனாலே பாதி வழியில் சண்டை வந்துவிடும்.

அதில் கிழவர் ஆரம்பத்திலேயே ஒரு கணக்குச் சொல்கிறார். தங்கத்துக்கு ஏன் அந்த விலை? ஆயிரம் பேர் தேடிப் போகிறார்கள், ஒருவனுக்குக் கிடைக்கிறது. கிடைக்காத 999 பேரின் உழைப்பும் அந்த ஒருவன் கையில் இருக்கும் தங்கத்தின் விலையில் சேர்ந்திருக்கிறது. எந்தக் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. கடைசியில் கொள்ளைக்காரர்கள் தங்கத்தூளை வெறும் மணல் என்று நினைத்துக் கொட்டிவிட, காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கிழவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கத் தெரிந்ததால்தான் அவர் பிழைத்தார்.

அன்று சாயங்காலம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024). நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் தியேட்டர் தியேட்டராக ஓடிய மலையாளப் படம். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாகவே நடந்தது. கேரளத்திலிருந்து டூர் வந்த பையன்களில் ஒருவன் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். இறங்குவதற்கு யாரும் முன்வராதபோது, சிநேகிதன் ஒருவனே கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான். மாமா வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். பெரியவர் மட்டும், "கயிறு பத்தாது... கயிறு பத்தாது" என்று அங்கிருந்தே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தவனைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்த பிறகுதான் பெரியவர் தண்ணீர் குடித்தார்.

மூன்றாம் நாள் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). லெனின் பாரதி டைரக்ஷன், இளையராஜா இசை. தேனிப் பக்கம் மலையேறி இறங்கி மூட்டை சுமக்கிற ரங்கசாமிக்கு ஒரே ஆசை: சொந்தமாகக் கொஞ்சம் நிலம். காசு சேர்த்து வாங்கிய ஏலக்காய் மூட்டை சரிந்து பள்ளத்தில் கொட்டிப்போகிறது. மெக்ஸிகோக் காற்று தேனிக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இங்கே யாரும் சிரிக்கவில்லை. எப்படியோ நிலம் வாங்குகிறார். கடனில் அதுவும் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் காற்றாலைக் கம்பெனிக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். காமிரா மேலே மேலே போகிறது. அவர் ஒரு புள்ளியாகிவிடுகிறார்.

படம் முடிந்ததும் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தோப்புக்குக் காவல் போக நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

நாலாம் நாள்தான் பெரிய ஷோ. 'புஷ்பா' முதல் பாகம் (2021). எங்கிருந்தோ இன்னும் நாலு பையன்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு தினக்கூலி, சம்பளம் அதிகம் என்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போகிறான். முதலில் கூலி, பிறகு கமிஷன், பிறகு பார்ட்னர், அப்புறம் முதலாளி. இவ்வளவு வேகமான ப்ரமோஷன் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. பால் டாங்கருக்குள் ரகசிய அறை செய்து மரம் கடத்துகிற இடத்தில் பையன்கள் விசிலடித்தார்கள். நானும் ரசித்தேன், பொய் சொல்லக் கூடாது. அல்லு அர்ஜுனுக்குத் தேசிய விருது கிடைத்த படம். ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கிற நடையை இந்தியா பூராவும் நடந்து பார்த்தது.

அந்த நடையில்தான் பெரியவருக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னா தம்பி, இவன் தோளு ஏன் மேல தூக்கிகினு கீது?"

"அது ஸ்டைல், பெரியவரே."

"மூட்டை செமந்தவன் தோளு கீழதான் எறங்கும் தம்பி. மேல ஏறாது."

சொல்லிவிட்டுத் துண்டை விலக்கித் தன் வலது தோளைக் காட்டினார். சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம் என்று சின்ன வயசிலிருந்து மலையிறக்கிய தோள். இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

"அதோட," என்றார், "எவனும் தோளு மாத்தலையே! ஒரு பர்லாங்கு நடந்தாலே மாத்தியாவணும். இவுங்க மலையெல்லாம் அப்டியே நடக்கறாங்க."

பையன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீரோவை இல்லை, ஹீரோவுக்குப் பின்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வரிசையை.

ஏன் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. செம்மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆந்திராவின் சித்தூர், கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைகளில். வெட்டுகிற கை மட்டும் ரொம்ப காலமாக இந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் போனது. திருப்பத்தூரில் சர்க்கார் சந்தனக் கிடங்கே உண்டு. வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தைச் செதுக்கித் தள்ளி வைரத்தை மட்டும் எடுக்கிற கைப்பழக்கம் இங்குள்ளவர்களுக்கு வந்துவிட்டது. மலையில் மழை தவறினால் சாமை கிடையாது. சாமை இல்லாவிட்டால் கைச்செலவுக்கு வழி கிடையாது. அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் வருவான். வேலூரில் பஸ் ஏறினால் சித்தூர் வழியாகத் திருப்பதி சுமார் மூன்று மணி நேரம்தான்.

2015 ஏப்ரல் 7-ம் தேதி ஞாபகமிருக்கிறதா? சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள். செத்தவர் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது ஆணையம். மரத்தின் முதலாளிகள் யாரும் அந்த இருபதில் இல்லை.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் பதிவியலில் முதல் வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வரவுக்கும் சமமாக எங்கேயாவது ஒரு பற்று இருந்தே தீரும். லூகா பசியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் வெனிஸில் அச்சுப் போட்டுச் சொன்னது. இன்றைக்குக் கம்ப்யூட்டரிலும் அதேதான். வரவு மட்டும் எழுதி, பற்று எழுதாமல் ஒரு லெட்ஜர் வந்தால் அதை எழுதியவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

சினிமாவில் மட்டும் விசாரிப்பதில்லை. 'புஷ்பா' என்பது மூன்று மணி நேர வரவுப் பக்கம். கூலி எப்படி முதலாளியானான் என்று ஒரு பைசா விடாமல் எழுதியிருக்கிறார்கள். மற்ற 999 கூலி என்ன ஆனான் என்கிற பக்கம் காலி. அந்தப் பக்கத்தைத் தெலுங்கில் எழுதவில்லையே என்று தெலுங்குக்காரர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்யதை இல்லை. ஜவ்வாது மலைக்காரனை வைத்து நாமும்தான் எத்தனை படம் எடுத்துவிட்டோம்? 'மேற்குத் தொடர்ச்சி மலை' மாதிரி பற்றுப் பக்கத்தை எழுதுகிற படம் எப்போதாவது ஒன்று வருகிறது. வந்தால், 'ஸ்லோவா போகுது மச்சி' என்கிறோம். மூட்டையோடு மலையேறுகிறவன் வேகமாக எப்படிப் போவான்?

ஹீரோ ஜெயிப்பதைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நாள் பூரா மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிற நமக்கு, ஒருத்தனாவது முதலாளி எதிரே கால்மேல் கால் போட்டு உட்காருவது வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலுக்குக் கீழே இருக்கிற ஆள் பக்கத்து மாவட்டத்துக்காரர் என்று தெரிந்த பிறகு, விசில் கொஞ்சம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

'புஷ்பா 2' (2024) கையோடு ஆரம்பித்தோம். 1,700 கோடிக்கு மேல் வசூல் என்று அறிவித்த படம். மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் நீளம். கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. மரம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் யாரையும் காணோம். பெரியவர் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார். பாதியில் போன் சார்ஜ் தீர்ந்துபோனது. அதனால்தான் ஐந்தரை.

பையன்கள் "கரெண்ட் வரட்டும், மீதியைப் போடலாம்" என்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவருக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. வேலைக்கு எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டேன். ஒருவன் திருப்பூர் என்றான். இன்னொருவன் பதில் சொல்லாமல், ஒரு தோளைத் தூக்கி நடந்து காட்டிச் சிரித்தான்.

பெரியவர் அவன் தோளைப் பிடித்து அழுத்தி, "எறக்கு" என்றார்.