நடிகையைப் போற்றினோம், எழுத்தாளரை மறந்தோம்

பெரியநீலாவணையிலே பிறந்து, ஊரின் பெயரையே தம் புனைபெயருக்கு மூலமாகக் கொண்டவர் கவிஞர் நீலாவணன். அவரது ‘மழைக்கை’ பாநாடகத்தை எவர் நடித்தாலும் அது நீலாவணனின் நாடகமே. நாடகம் எழுதியவருக்கே உரியது என்பதில் எம்மூரார் எவருக்கும் ஐயமில்லை. இந்த எளிய நீதி, தமிழ்த் திரைக்கு எழுதிய பெண்ணொருவருக்கு மட்டும் மறுக்கப்பட்டதேன்?

1931இல் வெளிவந்த முதற் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி ரி. பி. ராஜலட்சுமி என்பதை யாவரும் அறிவர். அவர் நாவலாசிரியர் என்பதையும், தம் நாவலைத் தாமே திரைக்கதையாக்கியவர் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. இம்மறதி தற்செயலானதன்று, நம் இலக்கியக் கல்வி வளர்த்த மறதி என்பதே எனது குற்றச்சாட்டு.

திருவையாற்றில் 1911இற் பிறந்த ராஜலட்சுமி, சிறுமியாய் இருக்கையிலேயே மணஞ்செய்விக்கப்பட்டவர். அம்மணம் முறிந்தபின், மேடையேறும் பெண்ணை ஊர் இழித்துரைத்த காலத்தில், நாடகத்தையே வாழ்வாகக் கொண்டார். அங்கிருந்து திரைக்கு வந்தார். 1936இல் அவரது ‘மிஸ் கமலா’ வெளியாயிற்று. அதன் மூலம் அவரெழுதிய ‘கமலவல்லி’ நாவல். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு ஆகிய நான்கையும் அவரே ஏற்றார். புராணக் கதைகளே மலிந்திருந்த அன்றைய திரையில், பெண்ணொருத்தி தன் காலத்துச் சமூகக் கதையைத் தன் பேனாவாலேயே சொன்னாள் என்பது சிறு செய்தியா?

“முதற் பெண் இயக்குநர் என்று போற்றுகின்றோமே, அது போதாதா?” என்பர் சிலர். போதாது. ‘முதல்’ என்னும் பட்டம் சூட்டியதும் நம் கடன் தீர்ந்ததென எண்ணி, அவர் என்ன எழுதினார் என்று கேளாது விட்டுவிடுகின்றோம். அமெரிக்காவில் பிரான்சிஸ் மரியன் 1930இல் வெளிவந்த ‘தி பிக் ஹவுஸ்’ படத்தின் எழுத்துக்காகவே ஆஸ்கார் பரிசு பெற்றார். அங்கே எழுத்துக்குத் தனிமதிப்பு இருந்தது. இங்கே அது நடிகையின் புகழுக்குள் கரைந்துபோயிற்று.

“படச்சுருளே அழிந்துவிட்டது, இல்லாததை எவ்வாறு கற்பிப்பது?” என்று வினவுவோரும் உளர். அகத்தியம் எங்கே இருக்கின்றது? சில சூத்திரங்களைக் கொண்டே அதனை முதனூல் என்று பாடஞ் சொல்கின்றோம். குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாய்க் கிடைத்தில. ஆயினும் ஐம்பெருங்காப்பிய வரிசையினின்று அவற்றை எவரும் நீக்கவில்லை. முனிவர்க்கும் புலவர்க்கும் அளித்த சலுகையை ஒரு நடிகைக்கு அளிக்க மறுப்பது ஆய்வு நெறியன்று; ஓரவஞ்சனை.

திரைக்கதை இலக்கியமன்று என்பாருக்கும் ஒரு சொல். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றெனக் கொண்ட மொழி நம்முடையது. மேடைக்கு எழுதினால் இலக்கியம், திரைக்கு எழுதினால் வாணிகம் என்னும் பாகுபாட்டுக்கு என்ன ஆதாரம்?

1964இல் ராஜலட்சுமி மறைந்தார். இன்று வேண்டுவது புகழுரையன்று. விரிவுரையாளர்கள் நாவல் வரலாற்றிலும் நாடக வரலாற்றிலும் அவரை எழுத்தாளராகவே வைத்துக் கற்பிக்கட்டும். மாணவர்கள் தத்தம் ஊர்களின் பழைய அலுமாரிகளைத் திறந்து, அக்காலப் படங்களுக்கென அச்சிடப்பட்ட பாட்டுப் புத்தகங்களைத் தேடட்டும். கதைச் சுருக்கங்கள் அவற்றிலே கிடைக்கும். மருதமுனைத் தறியிலே நெய்த சேலையைக் கண்டு உடுத்தவளை மட்டும் புகழ்வார் உண்டோ? நெய்தவர் எவரென்றும் கேட்பதே நம் கடற்கரை வழக்கம். அக்கேள்வியைத் தமிழ்த் திரையிடத்தும் கேட்போம்.