சிவப்புக் கோடும் டாக்டரின் கண்ணும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நம்மில் பலர் செய்திடும் முதல் வேலை, வேர்ட் புரோகிராமைத் திறந்து நம் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து பார்ப்பதுதான். முருகேசன் என்றோ தமிழ்ச்செல்வி என்றோ அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், பெயரின் கீழே நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோடு வந்து நிற்கும். அப்பா அம்மா வைத்த பெயரையே தப்பு என்கிறதே என்று முதல் நாள் சிரிப்போம். ஒரு வாரம் போனால் அந்தக் கோடு நம் கண்ணிலேயே படாது.

அதே புரோகிராம், 'ஃப்ரம்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' என்று எழுதிவிட்டால் கோடு போடாமலும் விட்டுவிடலாம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் அல்லவா? கோடு இல்லையே என்று நாமும் கடிதத்தை அனுப்பிவிடுவோம்.

கோடு இருந்தால் அலட்சியம். கோடு இல்லாவிட்டால் நிம்மதி. கடிதத்தில் இந்த இரண்டு பழக்கங்களாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று மேமோகிராம் படத்தைப் பார்க்கும் டாக்டருக்கு இதே பழக்கங்கள் வந்தால்? செயற்கை நுண்ணறிவு இந்தத் துறைக்குள் வந்துவிட்ட இன்று, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

படத்தில் என்ன தேடுகிறார்கள்?

மேமோகிராம் என்பது மார்பகத்தை எக்ஸ்ரே எடுப்பது. பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டாக நான்கு படங்கள் எடுப்பார்கள். உப்புத் தூள் சிதறியது போன்ற நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள், ஒழுங்கில்லாத சிறு கட்டிகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களை அழைத்துப் பார்ப்பதால், 1,000 பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் நோய் இருக்கும். மற்ற படங்களில் எதுவும் இருக்காது. நாள் முழுக்க 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று பார்த்துக் கொண்டே போகும் கண், அந்த ஐந்தாறைத் தவறவிடக் கூடாது. அலுப்புத் தட்டாத கம்ப்யூட்டரை இதற்குப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

முதல் முயற்சி தந்த பாடம்

இது புதிய யோசனை அல்ல. மேமோகிராம் படத்தில் சந்தேகமான இடங்களில் குறியிட்டுக் காட்டும் சாப்ட்வேருக்கு அமெரிக்காவில் 1998லேயே அனுமதி கிடைத்தது. அரசின் மெடிகேர் காப்பீடு இதற்குத் தனிக் கட்டணம் தந்ததால் வேகமாகப் பரவியது.

பலன்? 2007ல் வெளியான ஆய்வு ஒன்று 43 மையங்களின் மேமோகிராம் பதிவுகளை ஆராய்ந்தது. இந்த சாப்ட்வேரைப் பயன்படுத்திய இடங்களில், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி சோதனைகள் ஏறத்தாழ 20 சதவீதம் கூடின. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கையோ குறிப்பிடும்படி கூடவில்லை. 2015ல் வந்த இன்னொரு பெரிய ஆய்விலும், சாப்ட்வேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1,000 பரிசோதனைகளுக்கு 4.1 என்ற அளவிலேயே புற்றுநோய் கண்டறியப்பட்டது தெரிய வந்தது. குறிகள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை வீண் குறிகள். நம் பெயரின் கீழ் வரும் சிவப்புக் கோட்டின் கதைதான்.

சுவீடன் காட்டிய வழி

அந்தப் பழைய புரோகிராம்களுக்கு எதைத் தேட வேண்டும் என்று மனிதர்கள் விதிகள் எழுதித் தந்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு, முடிவு தெரிந்த ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக் கொள்கிறது. ஆனால் புரோகிராம் திறமையாகிவிட்டது என்பது மட்டும் போதாது. அதற்கு என்ன வேலை தருகிறோம் என்பதும் முக்கியம். சுவீடனில் நடந்த மசாய் என்னும் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது.

சுவீடனில் 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்களை அழைத்து மேமோகிராம் எடுக்கிறார்கள். வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பார்ப்பார்கள். லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா லாங் தலைமையிலான குழு, 2021 ஏப்ரலில் தொடங்கிய ஆய்வில் பெண்களை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குப் பழைய முறை. மறு பிரிவில், புரோகிராம் ஒவ்வொரு படத்திற்கும் 1 முதல் 10 வரை அபாய மதிப்பெண் கொடுத்தது. 10 வாங்கிய படங்களை இரண்டு டாக்டர்களும், மற்றவற்றை ஒரு டாக்டரும் பார்த்தார்கள். ஒரு பெண்ணை மறு பரிசோதனைக்கு அழைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்களே முடிவு செய்தார்கள்.

முதல் 80,000 பெண்களின் முடிவு 2023ல் வெளிவந்தது. பழைய முறையில் 203 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. புதிய முறையில் 244 பேருக்கு. டாக்டர்கள் படம் பார்த்த தடவைகள் 83,231லிருந்து 46,345 ஆகக் குறைந்தன. தேவையின்றி அழைத்துப் பயமுறுத்துவது இரு பிரிவிலும் 1.5 சதவீதம்தான்.

அதிகம் கண்டுபிடிப்பது மட்டுமே வெற்றி ஆகாது. தொந்தரவே தராமல் இருந்திருக்கக் கூடியவையும் அதில் சேரலாம். 'ஒன்றுமில்லை' என்று வீட்டிற்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே நோய் வெளிப்படுகிறதா என்பதுதான் உண்மையான உரைகல். 2026ல் வெளியான முடிவில் இது பழைய முறையில் 1,000க்கு 1.76 ஆகவும், புதிய முறையில் 1.55 ஆகவும் இருந்தது. டாக்டரின் வேலை குறைந்தும் பாதுகாப்பு குறையவில்லை.

கண்ணை மாற்றும் குறி

அப்படியானால் எல்லா மருத்துவமனைகளும் உடனே வாங்கிப் போட்டுவிடலாமா? ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையையும் பார்த்துவிடுவோம். 27 டாக்டர்களிடம் 50 மேமோகிராம்களைத் தந்து, செயற்கை நுண்ணறிவு சொன்ன முடிவு என்று ஒன்றையும் உடன் காட்டினார்கள். அவற்றில் சில வேண்டுமென்றே தவறாகத் தரப்பட்டவை. சரியான முடிவு காட்டப்பட்டபோது, அனுபவம் குறைந்த டாக்டர்கள் சுமார் 80 சதவீதம் படங்களைச் சரியாக மதிப்பிட்டார்கள். தவறான முடிவு காட்டப்பட்டபோது அது 20 சதவீதத்திற்கும் கீழே போனது. நல்ல அனுபவம் உள்ளவர்களே 82லிருந்து 46 சதவீதத்திற்கு இறங்கிவிட்டார்கள். இது 2023ல் வெளியானது.

ஆகவே என் கருத்து இதுதான். இந்தத் துறையில் செயற்கை நுண்ணறிவு வரட்டும், வரவேற்போம். ஆனால் டாக்டர் முதலில் தன் கண்ணால் பார்த்துத் தன் கருத்தைப் பதிவு செய்திட வேண்டும். அதன் பிறகே புரோகிராமின் குறி திரையில் தோன்ற வேண்டும். வினாடி வினா சிடியில் நாம் பதிலைக் கிளிக் செய்த பின்னர்தானே சரியான விடை வருகிறது? அதைப் போல அமைப்பது சாப்ட்வேர் எழுதுபவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. சில நொடிகள் கூடுதலாகும் என்பார்கள். ஆகட்டும். மிச்சமான நேரத்தில்தான் அதைச் செலவழிக்கிறோம்.

இன்னொன்று. சுவீடனின் எண்களை அப்படியே இங்கே கொண்டு வந்து விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம். அங்கே அழைத்துப் பார்க்கும் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு டாக்டர் என்ற வழக்கம் இருக்கிறது. நம் நாட்டில் 2016ல் மத்திய அரசு வகுத்த வழிமுறைகள், 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பதையே சொல்கின்றன. எந்தப் புரோகிராமும் நம் ஊர்ப் பெண்களின் படங்களிலும் சோதித்துக் காட்டப்பட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் யாராவது மேமோகிராம் எடுத்திருந்தால், படங்கள் அடங்கிய சிடியைக் கேட்டு வாங்குங்கள். புது லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாமல் இருக்கலாம். டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு, எல்லா போல்டர்களையும் அப்படியே பென் டிரைவிற்குக் காப்பி செய்திடுங்கள். அடுத்த முறை டாக்டர் பழைய படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் உதவும்.

பிலிமை மொபைலில் போட்டோ எடுத்து, சாட்பாட்டில் ஏற்றி, 'இது கேன்சரா?' என்று கேட்காதீர்கள். நான் சொன்ன நுண்ணிய புள்ளிகள் அந்தப் போட்டோவில் மறைந்துவிடும். சாட்பாட் மேமோகிராம் பார்ப்பதற்காகச் சோதித்து அனுமதி பெற்ற சாப்ட்வேரும் அல்ல. ஆனாலும் அது தயங்காமல் ஒரு பதில் சொல்லும்.

கடைசியாக, கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். போன மாதம் எடுத்த மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று டாக்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து சொல்லியிருந்தாலும் சரி. கோடு போடப்படவில்லை என்பதால் மட்டும் கடிதத்தில் தவறே இல்லை என்று ஆகிவிடாது.