ஒளிரும் பாலிமரும் வாசல் பிரச்சினையும்

பாலிமர் எல்.ஈ.டி. என்றதும் பலரும் கேட்பது, "எந்தப் பாலிமர்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: மின்னூட்டம் அந்தப் பாலிமருக்குள் எப்படி நுழைகிறது?

1990-ல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃப்ரெண்ட் குழுவினர் பி.பி.வி. என்ற பாலிமரை இரு மின்வாய்களுக்கு நடுவே வைத்து ஒளிரச் செய்தார்கள். ஒரு பக்கம் எலக்ட்ரான், மறுபக்கம் துளை. இரண்டும் உள்ளே சேர்ந்தால் ஒளி. அதன் திறன் வெறும் 0.05 சதவீதம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பிரவுனும் ஹீகரும் சுமார் 1 சதவீதத்தைத் தொட்டார்கள். பாலிமரையும் சற்று மாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் பெரிய காரணம், எலக்ட்ரான் தரும் மின்வாயாகக் கால்சியம் வைத்தது.

ஏன் கால்சியம்? அலுமினியத்திலிருந்து எலக்ட்ரான் அந்தப் பாலிமருக்குள் ஏற, 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட தடையைத் தாண்ட வேண்டும். கால்சியத்தில் அந்தத் தடை மிகக் குறைவு. குறை என்னவென்றால், காற்றுப் பட்டால் கால்சியம் கெட்டுவிடும். அதனால்தான் பிறகு அலுமினியத்துக்கு அடியில் மெல்லிய லித்தியம் ஃப்ளோரைடு பூசும் வழி வந்தது. துளை நுழையும் பக்கத்தில் ஐ.டி.ஓ. கண்ணாடி மேல் பெடாட் பூச்சு அதே வேலையைச் செய்கிறது.

இரண்டு பக்கமும் அள்ளிக் கொட்டினால் போதும் என்று நினைப்பதும் தவறு. மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தில் மூட்டைகள் மலையாகக் குவிந்தாலும், வியாபாரிகள் வராவிட்டால் விற்பனை நடக்காது. இங்கும் அப்படித்தான். பி.பி.வி. வகைப் பாலிமரில் துளைகள் வேகமாக ஓடும், எலக்ட்ரான்கள் திணறும். துளையை மட்டும் கூட்டினால், ஜோடி கிடைக்காத துளைகள் மறுபக்கம் வெளியேறிவிடும். மின்சாரம் செலவாகும், ஒளி கூடாது. எந்தப் பக்கம் பற்றாக்குறையோ அதைச் சரிசெய்வதே உண்மையான மேம்பாடு.

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. புதிய பாலிமர் தயாரிக்கப் பெரிய வேதியியல் கூடம் வேண்டும். ஐ.டி.ஓ. கண்ணாடியைப் புற ஊதா-ஓசோனில் சுத்தம் செய்து, பெடாட் பூசியும் பூசாமலும் மின்னோட்டத்தை ஒப்பிட அவ்வளவு தேவையில்லை. சுழற்பூச்சு இயந்திரமும், உலோகம் படியவைக்கும் வெற்றிடக் கருவியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் கடையில் வாங்கிய எல்.ஈ.டி.யை எரியவிடுவது என்று ஆகிவிடக் கூடாது. அது ஏன் எரிகிறது, எங்கே தடைபடுகிறது என்று அளந்து பார்ப்பதுதான் பொறியியல்.