ஆணியில் தொங்கும் தப்பு

"கோயில்ல வந்து சாதி பேசாதீங்கப்பா. சந்தோசமா சாமி கும்புட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் நாலு பங்குச் சாமிகள் வாயிலிருந்து கேட்டாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்குக் கணக்கில்லை. கடைசியாகக் கேட்டது போன வருஷத் திருநாளுக்கு முன்னால். சப்பரம் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்க ஒன்பது பேர் போயிருந்தோம். சாமி மோசமான ஆளில்லை. நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். (எங்க அப்பா காலத்தில் அதுவும் கிடையாது. எழுதி வைத்துவிடுகிறேன்.) பிறகு மேசைமேல் இருந்த பைபிளைப் பிரித்து 33ஆம் சங்கீதத்தைக் காட்டினார். நீதிமான்களை வழிபாட்டின் மகிழ்ச்சிக்கு அழைக்கிற பாட்டு அது. "பாத்தீங்களா, வழிபாடுன்னா மகிழ்ச்சி. கோரிக்கை மனு கிடையாது" என்றார்.

வெளியே வந்ததும் கூட வந்த பையன் ஒருத்தன் சொன்னான்: "அண்ணே, நம்மளச் சிரிக்கச் சொல்லுதாரு. மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தா கோயில் அழுக்காயிரும் போல."

எங்கள் பக்கத்துத் திருநாள் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநாள் இங்கே வரியில் தொடங்குகிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கமிட்டி வரி போடும். வரி கொடுத்தவன் வாசலில் சப்பரம் நிற்கும், அசனத்தில் அவனுக்குப் பந்தி உண்டு, கமிட்டியில் பேச வாய் உண்டு. அதனாலேயே எங்களிடம் வரி வாங்கமாட்டார்கள். "காணிக்கையா உண்டியல்ல போட்டுருங்க" என்பார்கள். உண்டியலில் விழுந்த காசுக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாதவன் தெருவுக்குச் சப்பரம் இல்லை. பணம் வேண்டாம் என்று சொல்லியே ஒருத்தனைத் தள்ளி வைக்கிற வித்தை இது. இதைக் கண்டுபிடித்தவன் சாதாரண மூளைக்காரனாக இருக்க முடியாது.

பணம் வேண்டாம், தப்பு மட்டும் வேண்டும். கொடியேற்றத்துக்குத் தப்பு, சப்பரத்துக்கு முன்னால் தப்பு. எங்க பெரியப்பா முப்பது வருஷம் அடித்தார். தெருமுனைவரை அடித்துக்கொண்டு வருவார். அங்கே சப்பரம் வடக்கே திரும்பும். அது ஊரைச் சுற்றி முடிகிறவரை முன்னாலேயே போய் அடித்துவிட்டு, பிறகு தெற்கே எங்கள் தெருவுக்குத் தனியாக நடந்து வருவார். கூலி ஒரு துண்டும் கொஞ்சம் நெல்லும். எனக்குப் பதினாலு வயசு இருக்கும், ஒரு வருஷம் அந்த முனையில் அவர் அடியை நிறுத்திவிட்டார். "ஏம்ல நிப்பாட்டுன?" என்று ஒருத்தர் அதட்டினார். "தெக்க வந்தா அடிக்கேன் ஐயா" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ஆணியில் மாட்டியவர் சாகும்வரை அதை எடுக்கவில்லை. அடுத்த வருஷத் திருநாளுக்கு பேண்டு செட் வந்தது. எங்கள் வீட்டுக்கு நெல் வரவில்லை.

திருநாளே வேண்டாம் என்று அவர் இருந்துவிடவும் இல்லை. செப்டம்பர் வந்தால் எங்களை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போவார். தேரி மணலைத் தாண்டி, உடன்குடி, குலசேகரன்பட்டினம் பக்கமாகப் பயணம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மேடு, உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கிய குகை. புயலில் பாய்மரம் முறிந்து கரை சேர்ந்த போர்த்துகீசியக் கப்பல்தலைவன் ஒருவன் 1540இல் அந்த மரத்திலேயே சிலுவை செய்து மேட்டில் நட்டான் என்பது பரம்பரையாகச் சொல்லிவருவது. 1542இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். கோயிலுக்கு 1581 என்று வருஷம் சொல்கிறார்கள். செப்டம்பர் 14 திருநாள். மணலில் பாயை விரித்துக் கிடப்போம். பக்கத்துப் பாய்க்காரர் எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. கட்டுச்சோறு கைமாறும். ஊரில் வாய் திறக்காத பெரியப்பா அங்கே ராத்திரி முழுக்கப் பாடுவார்.

சிலுவையடியில் சாதி இல்லை பார் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். அந்த மணலில் எங்களைப் போல வந்துபோகிற கூட்டத்துக்குப் பங்கு போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தெரு இல்லை, கல்லறைக் குழி இல்லை, கமிட்டி நாற்காலி இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினால், உடன்குடி தாண்டுவதற்குள் அவரவர் தெரு அவரவருக்கு ஞாபகம் வந்துவிடும். இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எல்லோரும் சகோதரர்கள்தான்.

மணப்பாட்டு மேட்டில் உட்கார்ந்து நினைக்க வேண்டிய கதை வேறொன்று உண்டு. 1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து மீனவர்களைத் துரத்தியது. சனங்கள் கடல் பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று, தோணிகளால் போய்ச் சேர முடியவில்லை. பிறகு கரைவழியே போனார். அவர் எழுதிய கடிதங்களிலேயே இந்தச் சேதி இருக்கிறது. பிறர் கும்பிட்ட சாமிகளைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் எனக்கு ஒப்பாது, அது வேறு. ஆனால் மணி அடித்துச் செபம் சொல்லிக்கொடுத்த சவேரியாரைச் சுரூபமாக்கி வைத்திருக்கிறோமே, அந்த இருபது தோணியை எந்தப் பீடத்தில் வைத்திருக்கிறோம்?

சாமி பிரித்துக் காட்டிய பாட்டுக்கு வருகிறேன். நீதிமான் என்றால் நம் காதில் என்ன விழுகிறது? வெள்ளை வேட்டி, செபமாலை, வாக்குத் தவறாத பெரிய மனுசன். கிட்டத்தட்ட நாட்டாமை. எபிரேயத்தில் அந்தச் சொல் 'சதீக்'. 'செதெக்', 'செதாக்கா' என்ற சொற்களோடு ஒரே வேரில் முளைத்தது. யாருக்கு எது சேரவேண்டுமோ அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் என்று பொருள் போகிறது. பிற்கால யூதர்கள் ஏழைக்குக் கொடுப்பதையே செதாக்கா என்றார்கள். அதைத் தயவு என்று நினைத்துக் கொடுக்கவில்லை, பாக்கிக் கடனாக நினைத்துக் கொடுத்தார்கள். அந்த 33ஆம் சங்கீதமும் மகிழ்ச்சிக்குக் கூப்பிட்ட கையோடு, ஐந்தாவது வசனத்திலேயே இந்தக் கடவுளுக்கு நீதியும் நியாயமும்தான் பிடிக்கும் என்று காரணம் சொல்லிவிடுகிறது. எந்த ராஜாவும் தன் படைபலத்தால் பிழைக்கமாட்டான் என்றுகூடப் பின்னால் வருகிறது. சாமி முதல் வசனத்தோடு பைபிளை மூடிவிட்டார்.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் தெபோராள் பாடுகிறாள். கடவுள் செய்த நீதியான செயல்களை எங்கே சொல்லிப் பாடுவார்களாம்? ஆலயத்தில் என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர் மொள்ளுகிற இடத்தில். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் மொள்ளுகிற இடத்தில் எங்க ஆத்தா கேட்டது வேறு பாட்டு. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றுகிறவரைக்கும் தள்ளி நிற்கவேண்டும்.

உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் திருநாள் சட்டம் இருக்கிறது. மகிழவேண்டும் என்பது அங்கே கட்டளை. யார் யார் மகிழவேண்டும் என்று ஆள் கணக்கும் இருக்கிறது: நீ, உன் மகன், மகள், உன் அடிமை, அடிமைப்பெண், லேவியன், அந்நியன், தகப்பனில்லாத பிள்ளை, விதவை. நீயும் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன்தானே, மறந்துவிடாதே என்று காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பட்டியலில் ஒரு பேர் குறைந்தால் சட்டப்படி அது திருநாளே கிடையாது. எங்கள் ஊர்க் கமிட்டியின் வரி நோட்டையும் இந்த அதிகாரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கட்டும்.

ஆமோஸ் இன்னும் ஒரு படி போகிறான். ஆட்டு மந்தைக்காரன், அத்திமரத்தில் வேலை பார்த்தவன், கூலிக்குக் குறி சொல்கிற வர்க்கமில்லை. உங்கள் திருநாள்கள் எனக்கு வெறுப்பு, உங்கள் பாட்டுச் சத்தத்தை அப்பால் கொண்டுபோங்கள் என்று கடவுள் சொல்வதாக அவன் பேசியதன் சாரம் எல்லோருக்கும் தெரியும். பாட்டும் யாழும் அவனுக்குப் பகையில்லை. வாசலில் ஏழையின் நியாயம் புரட்டப்படுகிறது, உள்ளே பாட்டு நடக்கிறது, அதுதான் அவனுக்குக் குமட்டுகிறது. எங்க பெரியப்பா ஆமோஸைப் படித்ததில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது.

பாபிலோனில் சிறைப்பட்டவர்களும் அவர் செய்ததைத்தான் செய்தார்கள். சிறைப்பிடித்தவன் வந்து, உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்கடே, கேட்டுச் சந்தோசப்படுவோம் என்கிறான். அவர்கள் யாழை மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். 137ஆம் சங்கீதம். அதைப் பாடாமல் நிறுத்தியதும் வழிபாட்டில் சேர்ந்ததுதான் என்பதால்தான் வேதத்துக்குள் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. தெருமுனையில் நின்றுபோன அந்த அடியையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

யாழ் என்றதும் இன்னொன்று. செங்கடல் தாண்டியதும் மிரியாம் கையில் எடுத்தது 'தோஃப்' என்கிற கருவி. வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, கையால் அடிப்பது. அடிமைகள் விடுதலையான அன்றைக்குப் பெண்கள் அதை அடித்து ஆடினார்கள். தமிழில் அது என்ன ஆயிற்று? பழைய மொழிபெயர்ப்பில் 'தம்புரு'. கச்சேரி மேடையில் சாய்த்துப் பிடித்து மீட்டுகிற தந்தி வாத்தியம்தான் கேட்பவன் மனசில் வரும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'கஞ்சிரா'. தோலுக்கு வந்துவிட்டார்கள், சந்தோசம், ஆனால் அதுவும் சபா வாசலில் நிற்கிற தோல். சட்டத்தில் கட்டிய தோல் நம் தெருவிலேயே தொங்கும்போது இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை. பறை என்று எழுதியிருந்தால் வேதம் தீட்டாகிவிடும் என்ற பயம்தானே? தாவீது பேழைக்கு முன்னால் குதித்து ஆடியபோது, வேலைக்காரப் பெண்கள் பார்க்க இப்படி ஆடினாயே என்று மீகாள் பழித்தாள். அந்தப் பெண்கள் என்னை மதிப்பார்கள் என்றான் அவன். நம் கோயில்களில் மீகாளின் ரசனைதான் இன்னும் பாடகர் குழு நடத்துகிறது. விதிவிலக்கு உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார், கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார். 2005இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

எபிரேய வேதத்தை நான் தலையில் வைத்து ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அதில் தீட்டும் இருக்கிறது, பாளயத்துக்கு வெளியே துரத்துவதும் இருக்கிறது, ஊனமுற்ற ஆசாரியன் பீடத்தை நெருங்கக்கூடாது என்ற லேவியராகமமும் இருக்கிறது, கானானியர் ரத்தமும் இருக்கிறது. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு கட்சி. சபையின் அதிகாரம் எந்தக் கட்சியைப் பிடித்துக்கொண்டது என்பதே என் வழக்கு.

வழக்கு என்றதும் வடக்கன்குளம் ஞாபகம் வருகிறது. அங்கே கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. தனியிடம் எங்கள் உரிமை என்று போனவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நல்ல தீர்ப்பு. அந்தத் தடுப்புக்கும் பின்னால் நின்றவர்களுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு 2008 மார்ச்சில் மோதல், வீடுகள் நொறுங்கின, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. செத்தவர்கள் எங்கள் ஆட்களில்லை, வன்னியக் கிறிஸ்தவர்கள். சாதி அவர்களையும் தின்றது. சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் எழுத்தில் ஒத்துக்கொண்டது. அரசோ 1950ஆம் வருஷ ஆணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது: சீக்கியருக்கு 1956இல் திறந்த கதவு, பௌத்தருக்கு 1990இல் திறந்த கதவு, கிறிஸ்தவனுக்கு மூடியிருக்கிறது. சாதி இல்லாத மதமாம். சலுகை கேட்டால் சாதி இல்லை, சப்பரம் கேட்டால் சாதி உண்டு.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "இன்னும் எதுக்கு இந்தச் சப்பரம்? விட்டுட்டு வெளிய வாங்க." வரலாம். ஆனால் ராத்திரி முழுக்க மணலில் பாடிய என் பெரியப்பாவின் தொண்டை எனக்குத் தெரியும். அது மயக்கத்தில் வந்த சத்தமில்லை. அந்தச் சந்தோசத்தைச் சாதிக்காரனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கோபத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வர எனக்குச் சம்மதமில்லை. நிலத்தில் பங்கு கேட்கிற நாம் களிப்பில் ஏன் பங்கை விடவேண்டும்?

இந்த வருஷம் கமிட்டியிலிருந்தே ஆள் வந்தது. பேண்டு செட் கூலி ஏறிவிட்டதாம். தப்பு இப்போது மேடைகளில் எல்லாம் நல்ல பேர் எடுத்துவிட்டதாம். "நம்ம பயலுவ அடிப்பானுவளா?" அடிப்பார்கள். பெரியப்பாவின் தப்புக்குப் புதுத் தோல் கட்டியாயிற்று, காய்ச்சக் காவோலையும் சேர்த்து வைத்திருக்கிறோம். வரி ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்கு வாங்க, முதல் ரசீதைச் செத்துப்போன பெரியப்பா பேரில் போடுங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. கொடியேற்றத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது.