சாக்பீஸும் மண்வெட்டியும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

ஆசிரியர் ஒருவர் பள்ளி விட்டதும் வயலில் இறங்கினால் நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “பாவம், சம்பளம் பத்தவில்லை போலிருக்கிறது” என்பது ஒன்று. “கையில் ஒரு வேலை இருக்கும்போது மண்ணைக் கிளறுவானேன்?” என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். ஆசிரியர் விவசாயியாகவும் இருப்பது அவருடைய வறுமையுமன்று, பொழுதுபோக்குமன்று. ஆசிரியப் பணியின் மறுபாதியே அது என்று சொல்லத் துணிகிறேன். இதற்குச் சான்றாக ஒரு பெரியவரின் வாழ்வை இந்த ஆண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறேன்.

அவர் நம் மாவட்டத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். பெயர் பாஸ்கர் சாவே. குஜராத் மாநிலத்தின் தென்கோடியில், அரபிக் கடலோரமாக உள்ள தேஹ்ரி என்னும் சிற்றூரில் 1922-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். ஆனால் நிலத்தை விட்டு விடவில்லை. 2015 அக்டோபர் 24-ஆம் நாள், தம் 93-ஆம் வயதில் காலமானார். ‘இயற்கை வேளாண்மையின் காந்தி’ என்று அவரை அழைத்தார்கள்.

இவ்வளவு பெரிய பட்டம் பெற்றவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? இரசாயன உரம் விற்றார்! அவர் இளைஞராக இருந்தபோது அந்த உரங்கள் புதிதாக வந்துகொண்டிருந்தன. படித்தவர், ஊரார் மதிக்கும் வாத்தியார். ஆகையால் அவர் வயலில் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அவருக்குக் கமிஷன் கிடைத்தது. ‘முன்மாதிரி விவசாயி’ என்ற பெயரும் கிடைத்தது. சில ஆண்டுகள் சென்றன. அதே விளைச்சலை எடுக்க ஆண்டுக்காண்டு கூடுதலாக உரம் போட வேண்டியிருந்தது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் கையில் நிற்பது குறைந்துகொண்டே வந்தது. நாம் கணக்குப் பாடத்தில் விடை தப்பினால் ஆசிரியை என்ன சொல்வார்? “முதல் படியிலிருந்து சரிபார்” என்பார். சாவே அதைத்தான் செய்தார். 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உரத்தையும் பூச்சிமருந்தையும் அறவே கைவிட்டார். ஊருக்கே சொல்லிக் கொடுத்ததை ஊரார் முன்னிலையிலேயே மாற்றிக்கொள்ள எத்தனை துணிவு வேண்டும்! இந்த ஒரு செயலுக்காகவே அவரை நான் நல்லாசிரியர் என்பேன்.

அவருடைய தோட்டத்தின் பெயர் ‘கல்பவிருட்சம்’. மொத்தம் 14 ஏக்கர். அதில் ஏறத்தாழ 10 ஏக்கர் தென்னையும் சப்போட்டாவும் பிற மரங்களும் கலந்த தோப்பு. இரண்டு ஏக்கர் அளவில் நெல் முதலிய பயிர்கள். மீதி தென்னம்பிள்ளை வளர்க்கும் நாற்றுப்பண்ணை. தோப்பில் உழவு மாடும் இல்லை, டிராக்டரும் இல்லை, மண்புழுவே உழுகிறது. களையைப் பிடுங்கி வெளியே எறிவதில்லை; மண்ணின் மேலேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறார்கள். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்கி உரமாகிறது. தண்ணீர் பாய்ச்சுவதில்தான் எனக்கு மிகுந்த வியப்பு. நாம் தென்னையின் தூரைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி அதில் தண்ணீரை நிறுத்துகிறோம். சாவே, மரத்தை விட்டுத் தள்ளி வாய்க்கால் வெட்டி அதில் விட்டார். உண்ணும் வேர்கள் தூரில் இல்லை, தள்ளித்தான் இருக்கின்றன என்பது அவர் கண்டது. தண்ணீரைத் தேடி வேர் நடக்கட்டும் என்று விட்டார். தண்ணீரும் வெகுவாக மிச்சமாயிற்று.

புதிய தோப்பு வைக்கும்போது நீண்ட நாள் மரம், நடுத்தர ஆயுள் மரம், சில மாதங்களிலேயே பலன் தரும் செடிகள் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் நடுவார். தென்னை காய்க்கும் வரையில் வாழை சோறு போடும்; வாழை குலை தள்ளும் வரையில் காய்கறி சோறு போடும். ஏழை விவசாயியும் கடன் வாங்காமல் தோப்பு உண்டாக்கும் வழி இது. அவருடைய தென்னைகளில் சில ஆண்டுக்கு 350 காய்களுக்கு மேல் தந்ததாக எழுதியிருக்கிறார்கள். இதை என் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். “கதை விடாதே ஏட்டி” என்றார். ஆனால் மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மரங்களின் வட்டப்பாத்தியை மூடிவிட்டு, தள்ளி வாய்க்கால் வெட்டியிருந்தார். நம்பாதவர் சோதித்துப் பார்ப்பானேன் என்று நான் கேட்கவில்லை.

ஜப்பானிய இயற்கை விவசாயி மசானபு புகோகா, ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ எழுதியவர், 1990-களில் இந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். தாம் உலகில் கண்ட தோட்டங்களிலெல்லாம் இதுவே சிறந்தது, தம்முடையதை விடவும் மேல் என்று பாராட்டினார். 2010-இல் உலக இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பு சாவேக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. விருதுகளை விட எனக்குப் பிடித்த செய்தி வேறு. சனிக்கிழமை பிற்பகல்களில் யார் வேண்டுமானாலும் தோட்டத்துக்கு வரலாம் என்று அவர் வைத்திருந்தார். வந்தவர்களை மரத்துக்கு மரம் அழைத்துப் போய் விளக்குவார். கரும்பலகையைத்தான் விட்டார், வகுப்பை விடவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2006-இல், 84 வயதில், சாவே நம் தமிழகத்து விஞ்ஞானி டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சுவாமிநாதன் அப்போது தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவர். பசுமைப் புரட்சி நிலத்தைக் கெடுத்தது, நீரைக் கெடுத்தது, விவசாயியைக் கடனாளியாக்கியது என்று கடிதம் முழுவதும் கடுமையான குற்றச்சாட்டு. இதில் நான் யார் பக்கம்? 1960-களின் நடுவில் வறட்சி வந்தபோது அமெரிக்கக் கோதுமை கப்பலேறி வந்துதான் நம் நாட்டின் பசி ஆறியது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நிலையை மாற்றியவரை எளிதில் குறை சொல்ல என் மனம் இடம் தரவில்லை. அதே சமயம், ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒரு பெரும் விஞ்ஞானியைப் பார்த்து, “ஐயா, என் நிலம் வேறு விதமாகச் சொல்கிறதே” என்று கேட்பது தவறாகுமா? கேட்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? பட்டத்திலிருந்து வரவில்லை, அரை நூற்றாண்டு அந்த 14 ஏக்கரில் நின்றதிலிருந்து வந்தது.

அவசரத்தில் செய்தால் நல்லதும் கெட்டுப்போகும் என்பதற்கு நம் பக்கத்து நாடே சாட்சி. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை நாடு முழுவதும் ஒரே உத்தரவில் தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். சாவே தம் நிலத்தை யாருடைய உத்தரவாலும் மாற்றவில்லை. பார்த்து, கணக்கெழுதி, மாற்றினார்.

நம் பக்கத்திலும் இத்தகையவர் இருந்தார். கோ. நம்மாழ்வார் (1938–2013) வேளாண்மைப் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு, 1969 முதல் சுமார் பத்து ஆண்டுகள், நம் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே உள்ள களக்காட்டில் ஏழை விவசாயிகளிடையே பணி செய்தார். அந்த ‘அமைதித் தீவு’ நிறுவனத்தைத் தொடங்கியவர் பெல்ஜியம் நாட்டு டொமினிக்கன் சபைக் குருவான அருட்தந்தை டொமினிக் பியர். 1958-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நம்மாழ்வார் பள்ளி ஆசிரியர் இல்லைதான். ஆனால் ஊர் ஊராக நடந்து சொல்லிக் கொடுத்தவரை வேறு என்ன சொல்லி அழைப்பது?

இனி நம் கதைக்கு வருவோம். இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் எதிர்காலத்தில் என்னவாக விருப்பம் என்று கேட்டார்கள். டாக்டர், நர்ஸ், கலெக்டர், கம்ப்யூட்டர் என்ஜினீயர் என்று பலரும் சொன்னார்கள். நான் ஆசிரியை என்றேன். விவசாயி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் எங்களில் பலர் காலை உணவை முடித்து வரும் வீடுகள் கார் சாகுபடியாலும் பிசானத்தாலும் நடப்பவை. பெற்றோரே, நீங்கள்தான் எங்களிடம் “நாங்கள் பட்டது போதும், நீயாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதி” என்கிறீர்கள். உங்கள் கையிலுள்ள காப்பை நாங்கள் பார்க்கிறோம். நீங்கள் சொல்வது அன்பினால் என்பதும் தெரியும். ஆனாலும், நிழலில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து எதைச் சாப்பிடுவது?

என் தாத்தா நடுநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவிச் சாலையிலிருந்து சிறிது உள்ளே அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோப்பு இருக்கிறது. பணியில் இருந்த நாளெல்லாம் காலையில் மடை திறந்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாராம். “சார்வாள் வேட்டியில் சேறு இல்லாத நாளே கிடையாது” என்று ஆச்சி இன்றும் கேலி செய்வாள். இப்போது அந்தத் தோப்பை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அங்கே விடுதி கட்டினால் சீசனில் நல்ல வாடகை வருமாம். மாமாக்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. ஆனால் சீசன் என்பது ஆனியிலிருந்து ஆவணி வரைதான். தென்னைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. மேலும், சாரலைத் தேடி வருகிறவர்களுக்காகச் சாரலைத் தாங்கும் மரங்களை வெட்டுவது எந்த ஊர் நியாயம்? இதை நான் வீட்டில் சொன்னபோது, “படித்து முடித்துவிட்டு நீ வந்து பார்ப்பாயா?” என்று கேட்டார்கள். பார்ப்பேன் என்றேன். சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை.

அருட்சகோதரியர்க்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளியின் பின்புறத்தில் வேம்பும் வாதாமும் உதிர்க்கும் சருகுகளைத் தினமும் கூட்டிக் கொளுத்துகிறோம். காலை வழிபாட்டு நேரத்தில் அந்தப் புகையில் முதல் வகுப்புக் குழந்தைகள் இருமுகிறார்கள். சாவே அதைப் பார்த்திருந்தால் பணத்தைக் கொளுத்துகிறோம் என்றுதான் சொல்லியிருப்பார். மதில் ஓரமாக ஒரு நீளக் குழி வெட்டி, சருகையும் சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவையும் அதில் போட்டு மூடி, ஓரத்தில் பத்து வாழையும் நான்கு முருங்கையும் வைக்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் தண்ணீர் ஊற்ற முன்வந்துள்ளார்கள். சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து சொல்லித் தருவதாகத் தாத்தா ஒப்புக்கொண்டிருக்கிறார். யூரியா ஒரு பிடிகூட உள்ளே வரக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. தலைமைச் சகோதரி அவர்கள் சரி என்று ஒரு சொல் சொன்னால், சாரல் தொடங்குமுன் குழியை வெட்டி முடித்துவிடலாம்.