தெரிவுரிமை எவருக்கு?

சமுதாய ஓவியக்கூடத்துக்கான படைப்புகளைத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களும் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் தெரிவுசெய்யட்டும் என்றால், "அவர்களுக்கு ஓவியம் விளங்குமா?" எனக் கற்றோர் சிலர் நகைக்கின்றனர்.

1962இல் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'கர்ணன் போர்' மட்டக்களப்புக் கூத்து மரபின் கொடை. அம்மரபைக் காத்தோர் பட்டதாரிகளல்லர். விடியவிடிய வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து ஆட்டத்தின் நிறைகுறை கண்ட உழைப்பாளரே. கூத்தை அளந்த கண் ஓவியத்தை அளக்காதா?

நாட்காட்டிப் படங்களையே நாடுவர் என அஞ்சுவானேன்? நாடினால் காரணம் கேட்போம்; நம் காரணத்தையும் கூறுவோம். ஆனால், அழைத்துவிட்டு இறுதி முடிவை அறிஞர் குழுவிடம் ஒப்படைப்பது அவமதிப்பாகும். சந்தை கலைந்தபின் கூடுவோம். அவர்கள் தெரிவையே சுவரில் மாட்டுவோம். இயலாதெனின், 'சமுதாய' என்னும் அடைமொழியை அகற்றிவிடுவதே நேர்மை.