பெரிய பிளான் வாங்கும் முன் லைனை அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நெட் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது, அடிக்கடி கட் ஆகிறது. எந்த பிளானுக்கு மாறலாம்?" கஸ்டமர் கேருக்கு போன் செய்தாலும் பதில் இதேதான். "சார், உங்களுடையது 40 எம்பிபிஎஸ் பிளான். 100-க்கு மாறிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்."

என் கருத்து இதற்கு நேர் எதிர். பிளானை மாற்றுவது கடைசி வேலை. நான் வீட்டில் இருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். உளுந்தூர்பேட்டையில் நான் பார்த்த வரை, நெட் படுத்துக்கொள்வதற்கு பிளான் காரணமாக இருந்தது மிகக் குறைவு. கோளாறு எங்கே என்று தெரியாமல் கூடுதல் பணம் கட்டினால் பில் ஏறும், வேகம் ஏறாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் 100-க்கு மாறினார்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்பு கிடைத்த அதே வேகம்தான் இன்றும் கிடைக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

2004-ம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில், நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட் என்று மத்திய அரசு சொன்னது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கிய காலம் அது. அந்த வேகத்தில் ஒரு சிடி அளவுள்ள 700 எம்பி ஃபைலை இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2013-ல் இந்த அளவு 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்பெனி விற்பது மெகாபிட் கணக்கில். டவுன்லோட் விண்டோ காட்டுவது மெகாபைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 எம்பி வரை இறங்கினால் சரியான வேகம்தான். ஒரு ஹெச்டி வீடியோ ஓடுவதற்கு 5 எம்பிபிஎஸ் போதும். அப்படியானால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். அது முழுமையாக, விடாமல் வர வேண்டும். அங்குதான் பிரச்னை.

வீட்டுக்குள்ளா, வெளியிலா?

நெட் மெதுவாவதற்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, உங்கள் வீட்டு வைஃபை. இரண்டு, தெருவில் வரும் ஃபைபர் வயர். மூன்று, அந்த வயருக்கு அப்பால் கம்பெனி வைத்திருக்கும் பாதை. எது என்று கண்டுபிடிக்க இன்ஜினீயர் தேவையில்லை. ஒரு லேன் கேபிளும் ஒரு நோட்டும் போதும்.

லேன் கேபிளை ரூட்டரில் இருந்து நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை என்றால் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது. மற்ற போன், டிவி எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் காலை ஆறு மணி, மதியம், இரவு ஒன்பது மணி என்று மூன்று நாள் சோதித்து எழுதி வையுங்கள்.

கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால், கோளாறு வீட்டுக்குள். ரூட்டரை பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ வைத்திருக்கிறீர்களா? நடு ஹாலில் உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அக்கம்பக்கத்து ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால், அதே அறையில் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 தான் எட்டும். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்குகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிடுங்கள்.

கட் ஆகிக்கொண்டே இருந்தால்?

இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோக்களைத் திறங்கள். ஒன்றில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 192.168.1.1 என்று ரூட்டரின் முகவரியைத் தாருங்கள். (உங்கள் ரூட்டரின் சரியான முகவரி அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.) இன்னொன்றில் 8.8.8.8 என்று தாருங்கள். இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த கன்ட்ரோல், சி கீகளைச் சேர்த்து அழுத்துங்கள்.

நெட் கட் ஆகும்போது முதல் விண்டோவிலும் பதில் நின்றால், கோளாறு வைஃபையில். முதலாவது ஒழுங்காக ஓடி இரண்டாவது மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று காட்டினால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. இரண்டிலும் பதில் வந்து, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் செட்டிங்கைப் பாருங்கள்.

வெளியே என்று தெரிந்தால் ஃபைபர் மோடத்தின் விளக்குகளைக் கவனியுங்கள். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் கேபிள் மரத்திலும் கம்பத்திலும் தொங்கித்தான் வீட்டுக்கு வருகிறது. கரும்பு லோடு போகும் சீசனில் அறுந்துபோகும், அணில் கடிக்கும். அறுந்தால் கூட நல்லது, உடனே தெரிந்துவிடும். கதவிடுக்கில் மடங்கிய வயர்தான் மோசம். ஒளி பாதி கசிந்து, நெட் வருவதும் போவதுமாக இருக்கும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் 'ஆப்டிகல் பவர்' என்று ஓர் எண் உண்டு. மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு நூலில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறீர்கள். கரண்ட் போகும்போது மோடம் எரிகிறது, ஆனால் நெட் மட்டும் போய்விடுகிறது. காரணம் என்ன? ஃபைபரில் உங்கள் வீட்டுக்கும் ஆபரேட்டர் அறைக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. ஆகவே ஆபரேட்டர் அறையில் உள்ள கருவிக்கு பேட்டரி இல்லை, அல்லது செத்துவிட்டது. 1000 எம்பிபிஎஸ் பிளான் வாங்கினாலும் இது தீராது.

இரவு ஒன்பது மணி வியாதி

காலை ஆறு மணிக்கு கேபிளில் 40 வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு அதே கேபிளில் 4 வருகிறது. உங்கள் வீடும் சரி, வயரும் சரி. ஊருக்குள் வரும் பெரிய பாதையை அத்தனை வீட்டுக்கும் போதாத அளவில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். டிராய் 2006-ல் வெளியிட்ட பிராட்பேண்ட் தர விதிகள், நெரிசல் நேரத்திலும் பாதை 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்றன. வாடிக்கையாளர் பணம் கட்டிய வேகத்தில், கம்பெனியின் முனையில் இருந்து வீடு வரை 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றும் சொல்லின. அவற்றுக்குப் பதிலாகப் புதிய தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன.

அபூர்வமாகக் கோளாறு கடலுக்கடியிலும் இருக்கலாம். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியா முழுவதும் நெட் தவழ்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் மீண்டும் அப்படி நடந்தது. அந்த நாட்களில் உங்கள் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை.

யார் பொறுப்பு?

"பணம் கட்டுகிறவன் நான். அளப்பதும் எழுதுவதும் ஏன் என் வேலை?" என்று நீங்கள் கேட்பது நியாயம். உண்மையில் அது கம்பெனியின் வேலைதான். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் "உங்கள் சிஸ்டத்தில் வைரஸ், ஃபார்மேட் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஒன்பது மணி எண்களைத் தேதியோடு காட்டுபவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

நம் ஊர் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருந்து சேலம் சாலை பிரியும் இடம். பெருநகரத்தில் ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனி வாசலில் நிற்கும். இங்கே பல தெருக்களுக்கு ஒரே ஒரு ஆபரேட்டரின் வயர்தான். எனவே நமக்கு மாறிக்கொள்ளும் வசதி இல்லை, சரிசெய்யச் சொல்லும் வசதி மட்டுமே உண்டு. 2018-ல் இருந்து இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனில்தான் நடக்கிறது. கடைசி நாள் இரவு கல்லூரி வரிசையைப் பதிவு செய்யும் பிள்ளைக்கு 100 எம்பிபிஎஸ் வேண்டாம். அரை மணி நேரம் அறுந்துபோகாத 2 எம்பிபிஎஸ் வேண்டும்.

லைன் மேனிடம் சண்டை போடாதீர்கள். சுற்று வட்டாரக் கிராமங்களையும் சேர்த்து அவர் ஒருவரே ஏணியோடு அலைகிறார். எண்ணைக் காட்டினால் அவருக்கும் வேலை பாதியாகும். புகாரை வாய்மொழியாக மட்டும் விடாதீர்கள். 2012-ம் ஆண்டு டிராய் விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அந்த மேல்முறையீடு 39 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். டாக்கெட் எண் இல்லாத புகார், புகாரே இல்லை.

கம்பெனிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். இணைப்பு தரும் அன்றே ஒளி அளவையும் லேன் வேகத்தையும் ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் அதில் ஒரு வரி சேருங்கள். கேஸ் சிலிண்டருக்குப் புத்தகம் தருகிறார்கள், பைக் சர்வீஸுக்கும் தருகிறார்கள். மாதாமாதம் பணம் வாங்கும் நெட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

அந்த அட்டை வரும் வரை உங்கள் நோட்டுதான் அட்டை. இன்று இரவு ஒன்பது மணிக்கு லேன் கேபிளைச் செருகி முதல் எண்ணை எழுதிவிடுங்கள்.